டர்பன் ஈரக்காற்றில் பழம்பொருள் காத்தல்: சேகரிப்புகளைத் தின்னும் பூச்சிகளை அடையாளம் காணவும் அடக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சேகரிப்பு அறையில் ஒரு பூச்சி கண்ணில் பட்டதும் பெரும்பாலோரின் கை பூச்சிமருந்து டப்பாவைத்தான் தேடுகிறது. அந்தக் கையை நிறுத்த வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் முதல் வேண்டுகோள். மருந்து அடித்தால் வெளியே தெரிந்த அந்த ஒரு பூச்சி சாகும். பட்டுச் சேலையின் மடிப்புக்குள் இருக்கும் புழுக்களும் மரத்துக்குள் இருக்கும் முட்டைகளும் சாகமாட்டா. மருந்திலுள்ள எண்ணெய் துணியிலும் தாளிலும் கறையாகத் தங்கிவிடும். எந்தப் பூச்சி வந்தது, எங்கிருந்து வந்தது, எதைத் தின்றது என்று அறியும் வாய்ப்பும் அந்தப் பூச்சியோடு போய்விடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் மக்களின் வரலாற்றில் பெரும்பகுதி அங்கே இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தத் தொழிலாளர்களாக நட்டாலுக்கு வந்த 1,52,000க்கும் மேற்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம்தான் அது இருக்கிறது. டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள வீட்டு அலமாரிகள், கோயில்களின் பின்கட்டு அறைகள், தமிழ்ச் சங்கங்களின் நூலகங்கள் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். அந்த அலமாரிகளுக்கும் அறைகளுக்கும் பொறுப்பானவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முறைகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் கையாளும் முறைகளே. கருவிகள் மட்டும் நம் கைக்கு எட்டுபவை.

முதல் படி: கண்டவுடன் செய்ய வேண்டியவை

பூச்சியைக் கொல்லாமலும் நசுக்காமலும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். ஏற்கெனவே செத்துக் கிடந்தால் ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டு எடுத்துக் குப்பியில் இடுங்கள். குப்பியின் மேல் தேதி, அறை, அலமாரித் தட்டு, அருகில் இருந்த பொருள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒரு அளவுகோலை அருகில் வைத்துப் பூச்சியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 2 மில்லிமீட்டர் வண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வண்டுக்கும் உள்ள வேறுபாடே பல நேரங்களில் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, பாதிக்கப்பட்டதாகத் தோன்றும் பொருளைத் தட்டாமலும் உதறாமலும், அது இருந்த இடத்திலேயே, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பைக்குள் வைத்து வாயை நன்றாக ஒட்டிவிட வேண்டும். பையில் இடாமல் அடுத்த அறைக்குத் தூக்கிச் செல்வது, வழி நெடுகப் புழுக்களையும் முட்டைகளையும் உதிர்த்துச் செல்வதாகும். உதிர்ந்து கிடக்கும் தூள், உரிந்த தோல், எச்சம் ஆகியவற்றையும் உடனே பெருக்கிவிடக் கூடாது. அவையே சாட்சியங்கள், அவற்றில் சிறிது எடுத்து இன்னொரு குப்பியில் வைத்த பிறகே பெருக்க வேண்டும். பிறகு அதே தட்டிலும், மேல் கீழ்த் தட்டுகளிலும், சுவரோரத்திலும் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு பொருளில் மட்டும் பூச்சி இருப்பது அரிது.

இரண்டாம் படி: எதை எது தின்கிறது என்று அறிதல்

பூச்சிகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பொருள் எதனால் ஆனது என்று தெரிந்தால் அதைத் தேடி வரக்கூடிய பூச்சிகள் மிகச் சிலவே என்பது தெரியும். ஆகவே பொருளிலிருந்தே தொடங்குவோம்.

மயிலிறகு, கம்பளி, மான்தோல், சவுரிமுடி, பட்டு ஆகியவை விலங்குப் புரதத்தால் ஆனவை. நம் கோயில்களில் இவ்வகைப் பொருள்களில் முதலிடம் காவடிக்கே. தைப்பூசத்துக்கு அணிவகுத்த மயிலிறகுக் காவடிகள் அடுத்த விழா வரை இருட்டறையில் கட்டித் தொங்கவிடப்படுகின்றன, அந்த இருட்டும் அசைவின்மையுமே துணி அந்துப்பூச்சிக்கு வேண்டியவை. இந்த அந்துப்பூச்சி 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளமும் வெளிறிய பொன்னிறமும் கொண்டது. விளக்கை நோக்கிப் பறக்காமல், வெளிச்சம் பட்டால் ஓடி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். சமையலறை விளக்கைச் சுற்றும் பூச்சி இதுவன்று. தின்பது அதன் புழுதான்; பொருளின் மேல் பட்டு நூலால் குழாய்களும் மெல்லிய படலமும் பின்னிக்கொண்டு அதற்குள் இருந்தபடி தின்னும். கூட்டைச் சுமந்தபடியே நகரும் இன்னொரு வகையும் உண்டு. பட்டில் எண்ணெய், வியர்வை, பால், நெய் முதலியவற்றின் கறை இருந்தால் அந்த இடத்தையே முதலில் தின்னும் என்பதால், அபிஷேகத்தின் போது மூர்த்திகளுக்குச் சாத்திய பட்டு வஸ்திரங்களைத் துவைக்காமல் மடித்து வைப்பது பெருங்கேடு.

இதே பொருள்களைத் தேடி வரும் இன்னொரு கூட்டம் கம்பள வண்டுகள். வளர்ந்த வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில், வெள்ளையும் பழுப்பும் கலந்த புள்ளிகளோடு உருண்டையாக இருக்கும். பூக்களின் மகரந்தத்தைத் தின்னும். வசந்தத்தில் சன்னல் கண்ணாடியருகே செத்துக் கிடக்கும். சன்னல் விளிம்பில் இவை கிடந்தால் புழுக்கள் அறைக்குள் எங்கோ இருந்து வளர்ந்து வெளியேறியுள்ளன என்று கொள்ளலாம். உடல் முழுதும் குச்சிமயிர் படர்ந்த பழுப்புநிறப் புழு வளரும்போது பலமுறை தோல் உரிக்கும். மடிப்புகளில் கிடக்கும் அந்த வெற்றுத் தோல்களே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் முதல் தடயம். இவை பின்னல் விடுவதில்லை, ஒழுங்கற்ற ஓட்டைகளை மட்டும் விட்டுச் செல்லும். இயற்கை அறிவியல் சேகரிப்புகளில் ஊசியில் குத்தி வைத்த பூச்சி மாதிரிகளையே இவை தூளாக்கிவிடுகின்றன. ஈக்களின் பெருஞ்சேகரிப்புக்குப் பெயர்பெற்ற பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் குவாசூலு-நட்டால் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பெட்டிகளின் மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

தவில், உறுமி, உடுக்கை முதலியவற்றின் தோலில் விழுவது தோல் வண்டு. அது 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும் கரிய வண்டு. அறைக்குள் அது திடீரென்று பெருகினால் கூரைக்குள்ளோ சுவருக்குள்ளோ செத்த எலி, பறவைக்கூடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் அங்கிருந்தே அது கிளம்புகிறது.

மாவுப்பொருள் உள்ளவற்றைத் தேடுபவை இரண்டு சிறு பழுப்பு வண்டுகள். இரண்டும் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவு. சிறகுறையில் நீளவாட்டில் நுண்ணிய கோடுகளும், உணர்கொம்பின் நுனியில் மூன்று பெரிய கணுக்களும் இருந்தால் அது மருந்துக்கடை வண்டு. சிறகுறை வழவழப்பாகவும், உணர்கொம்பு ரம்பப் பற்களோடும், தலை கீழ்நோக்கி வளைந்தும் இருந்தால் அது சிகரெட் வண்டு. மைதாப் பசையால் கட்டிய பழைய கணக்கேடுகளையும் புத்தக முதுகுகளையும் உலர்தாவர மாதிரிகளையும் இவை துளைத்துத் தின்னும். நம்மிடத்தில் இவற்றுக்கு வேறொரு வாசலும் உண்டு: மிளகாய்த்தூள், மஞ்சள், மல்லி, மசாலாக் கலவைகள் ஆகியவற்றிலும் இவை செழித்து வளரும். கோயில் மடைப்பள்ளியும் நூலகமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால், புத்தகத்தில் ஓட்டை விழுந்ததற்கான காரணத்தை மசாலா டப்பாவில் தேட வேண்டியிருக்கும்.

தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்பது இராமபாணப் பூச்சி. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஃபிஷ்மாத் என்று சொல்வது இதையே. வெள்ளிநிறச் செதில்களும் பின்புறம் மூன்று வால்களும் கொண்ட இது இரவில் நடமாடும். சாதாரண வகைக்கு ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நீண்ட வால்களும் சாம்பல் நிறமும் உடைய இன்னொரு வகை, வறண்ட அறையிலும் வாழும். மாதக்கணக்கில் உணவின்றியும் தாங்கும். அறிவியல் உலகுக்கு 1905 இல் அது முதலில் விவரிக்கப்பட்டதே தென்னாப்பிரிக்க மாதிரிகளைக் கொண்டுதான். ஒளிப்படங்களின் ஜெலட்டின் பூச்சும் இவற்றுக்கு உணவு. ஆகவே ஒப்பந்தக் காலப் பதிவுச்சான்றுகளும் திருமணப் படங்களும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைச் சிறு தொல்லையாக எண்ணிவிடக் கூடாது. 1903 இல் தொடங்கி ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் அச்சான இந்தியன் ஒப்பினியன் இதழின் தாள் போன்ற பழைய செய்தித்தாள்களில், எழுத்து இருக்கும் பரப்பையே அது மேய்ந்துவிடும். புத்தகங்களில் ஓடும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வெளிறிய புத்தகப்பேன்கள் தாளைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் அவை பூஞ்சணத்தைத் தின்று வாழ்பவை; அவை இருந்தால் அறையில் ஈரம் மிகுந்துவிட்டது என்பது உறுதி.

மரத்துக்கு வருவோம். கடற்கரைப் பகுதிவாழ் நமக்குப் பெரும் பகை இதுவே. வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள், கதவு நிலைகள், இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று வழங்கும் தெருக்கூத்தின் மரக் கட்டை அணிகள் ஆகிய அனைத்தும் இதற்கு இலக்கு. டர்பன் கடற்கரையில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட உலர்மரக் கரையான், தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் மரச்சாமான்களோடு பரவியது. மண்ணோடு தொடர்பில்லாமல், ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே முழுக் குடும்பத்தோடும் அது வாழும். ஆகவே மண் சுரங்கங்களைத் தேடிப் பயனில்லை. கசகசா அளவில், ஆறு பக்கங்கள் உள்ள கெட்டியான மணிகள் மரத்தின் கீழே சிறு குவியலாக உதிர்ந்திருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். வேறெதுவும் அப்படி இராது. கோடை மாலைகளில் விளக்கடியில் உதிர்ந்த இறகுகளும் அதன் அடையாளம். இவ்வகைக் கரையானால்தான் இந்தக் கடற்கரைப் பகுதிகளில் கட்டுமான மரத்தைப் பதப்படுத்தியே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. கோயிலுக்காகத் தமிழகத்திலிருந்து வரவழைக்கும் மரச் சிற்பங்களுக்கும் வாகனங்களுக்கும் அதே கவனம் தேவை. சுவரிலும் தரையிலும் மண் சுரங்கம் ஏறியிருந்தால் அது மண்கரையான். அதன் கூடு கட்டடத்துக்கு வெளியே மண்ணில் இருக்கும். பொருளை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, கட்டடத்துக்கே சிகிச்சை தேவை.

கரையானல்லாத மரவண்டுகளில் முக்கியமானவை இரண்டு. வட்டமான 1 முதல் 2 மில்லிமீட்டர் துளைகளும், விரலில் ஒட்டும் மிக நைசான தூளும் இருந்தால் அது தூள்வண்டு. வன்மரங்களின் வெளிப்புற வெண்மரத்தையே அது தேடும். மூங்கிலை அதன் நெருங்கிய உறவான மூங்கில் வண்டு தாக்கும் என்பதால், காவடியின் வளைவுச் சட்டம் மூங்கிலானால் இறகைப் போலவே அதையும் பார்க்க வேண்டும். தூள் நறநறவென்று மணல்போல் தட்டுப்பட்டால் அது மரச்சாமான் வண்டாக இருக்கலாம். அதன் புழு மரத்துக்குள் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை வாழும்.

துளை இருப்பதாலேயே பூச்சி இருப்பதாகாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய வண்டின் துளையும் இன்று அப்படியே தெரியும். தூளை மென்தூரிகையால் முழுதும் அகற்றி, பொருளைக் கருந்தாளின் மேல் வைத்து, பாலித்தீனால் மூடி, நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். வெண்தூளோ மணியோ புதிதாக உதிர்ந்திருந்தால் உயிருள்ள பூச்சி உண்டு. கோடைக்காலத்தில் இச்சோதனை நம்பகமானது. குளிர்காலத்தில் ஒன்றும் உதிரவில்லை என்றால் வசந்தத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். மரம் அதிர்ந்தாலோ தூக்கப்பட்டாலோ பழைய தூளும் உதிரும் என்பதால், சோதனை முடியும் வரை அதை அசைக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஒட்டுப்பொறிகள்

விஷமில்லாத, பசை தடவிய அட்டைப் பொறிகளே இந்த வேலைக்குக் கண்ணும் காதும். இவை பூச்சிகளை ஒழிப்பதற்காக வைக்கப்படுபவை அல்ல, என்ன இருக்கிறது என்று சொல்வதற்காக. தரையும் சுவரும் சேரும் மூலைகளிலும், கதவின் இருபுறமும், அலமாரிக்கு அடியிலும், சன்னலுக்குக் கீழும் வைக்க வேண்டும். அறையின் நடுவே வைத்தால் ஒன்றும் சிக்காது, ஏனெனில் பூச்சிகள் விளிம்பையொட்டியே நடக்கின்றன. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு எண்ணிட்டு, அறையின் வரைபடத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தூசி படிந்த பசையில் எதுவும் ஒட்டாது, ஒட்டிய செத்த பூச்சிகளோ கம்பள வண்டுகளுக்கு உணவாகிவிடும். துணி அந்துப்பூச்சிக்கும் சிகரெட் வண்டுக்கும் மருந்துக்கடை வண்டுக்கும் அவற்றின் வாசனையூட்டிய தனிப் பொறிகள் கிடைக்கின்றன. ஐயம் இருக்கும் அறையில் மட்டும் அவற்றை வைப்பது போதும். பொறியில் ஒரே ஒரு அந்துப்பூச்சி சிக்கினாலும் அந்த மூலையைச் சுற்றியுள்ள பொருள்களை அன்றே பார்த்துவிட வேண்டும்.

நான்காம் படி: உறையவைத்தல்

சிறு சேகரிப்புக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. விஷமில்லை, எச்சமில்லை, முட்டை முதல் வண்டு வரை எல்லாம் சாகும். அருங்காட்சியகங்கள் மைனஸ் 30 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைக்கின்றன. வீட்டுப் பெட்டி உறைப்பான் மைனஸ் 18 பாகையில் இயங்கும், அதில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். குளிர் மெதுவாக ஏறினால் சில பூச்சிகள் அதற்குப் பழகிப் பிழைத்துவிடும் என்பதால், உறைப்பான் நன்கு குளிர்ந்த பிறகே பொருளை உள்ளே வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலவற்றைத் திணிக்கவும் கூடாது.

பொருளை முதலில் அமிலமற்ற மெல்லிய தாளிலோ, சாயமிடாத துவைத்த பருத்தித் துணியிலோ சுற்ற வேண்டும். பிறகு பாலித்தீன் பைக்குள் இட்டு, உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியேற்றி, வாயை முழுதும் ஒட்ட வேண்டும். காற்று குறைவாக இருந்தால்தான் ஈரம் பொருளின் மேல் படியாது. பையின் வெளியே பொருளின் பெயரும், உள்ளே வைத்த தேதியும், எடுக்க வேண்டிய தேதியும் எழுதுங்கள். எடுத்த பின் குறைந்தது ஒரு முழு நாள், பையைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வர விட வேண்டும். திறந்துவிட்டால் டர்பன் ஈரக்காற்று குளிர்ந்த பட்டின் மேல் நீராகப் படிந்து சாயத்தைக் கலைத்துவிடும். உறைந்த பொருள் நொறுங்கும் தன்மை உடையது, ஆகவே அந்த நிலையில் தூக்குவதையும் வளைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இம்முறைக்குள்ள இடையூறு மின்வெட்டு. உறைப்பானுக்குள் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் பதியும் வெப்பமானி ஒன்றை வைப்பது அவசியம். மின்வெட்டின்போது உறைப்பானைத் திறக்காதீர்கள். வெற்றிடங்களில் உறைந்த நீர்ப்புட்டிகளை அடுக்கி வைத்தால் குளிர் நெடுநேரம் தாங்கும். வெப்பநிலை மைனஸ் 18க்கு மேலே ஏறியிருந்தால் இரண்டு வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். பாதி வெப்பத்தில் கழிந்த நாள்களை எண்ணிக்கையில் சேர்ப்பது, பிழைத்த புழுக்களைத் திரும்ப அலமாரிக்குள் வைப்பதில் முடியும். இந்த உறைப்பானில் உணவு வைக்கவும் கூடாது.

பட்டு, கம்பளி, மயிலிறகு, புத்தகம், தாள், ஏட்டுச்சுவடி ஆகியவை இம்முறையைத் தாங்கும். தஞ்சாவூர் ஓவியம், எண்ணெய் ஓவியம், கண்ணாடி பதித்தவை, தந்தம், அரக்குப் பூச்சு, வண்ணம் தீட்டிய மரம், தோல் இழுத்துக் கட்டிய தவில், கண்ணாடித் தகட்டு ஒளிப்படம் ஆகியவற்றை ஒருபோதும் உறைய வைக்கக் கூடாது. பல பொருள்கள் கலந்த ஒன்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு சுருங்குவதால் இணைப்புகள் விரிசல் விடும்.

உறைய வைக்க முடியாதவற்றுக்கு ஆக்சிஜனை நீக்கும் முறை இருக்கிறது. காற்றுப் புகாத, அலுமினியப் படலம் சேர்ந்த உறைக்குள் பொருளையும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களையும் வைத்து ஒட்டி, ஆக்சிஜன் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய நிலையில், 25 பாகை அளவிலான வெப்பத்தில் குறைந்தது மூன்று வாரம் வைக்க வேண்டும். சாதாரணப் பாலித்தீன் வழியே ஆக்சிஜன் கசிந்து நுழையும் என்பதால் அது இங்கே உதவாது. உறையின் உள்ளே ஆக்சிஜன் அளவைக் காட்டும் காட்டி ஒன்று இல்லாமல் இதைச் செய்வது வீண். பிரஷ்யன் நீலம் போன்ற சில நிறங்கள் ஆக்சிஜன் இல்லாத நிலையில் மாறக்கூடும் என்பதால், மதிப்புமிக்க ஓவியத்துக்குப் பாதுகாப்பு வல்லுநரின் ஆலோசனையோடு மட்டுமே இதைச் செய்யுங்கள். வெயிலில் காயவைக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்: வெயிலின் வெப்பம் மடிப்பின் உள்வரை எட்டுவதில்லை, புழு நிழலுக்கு நகர்ந்துகொள்ளும், ஆனால் மஞ்சள் சாயமும் பட்டின் பளபளப்பும் மீளாமல் வெளிறிவிடும். நிழலில் காற்றாட விடுவது நல்லது, வெயிலில் விரிப்பது கூடாது.

எம்முறையானாலும், சிகிச்சைக்குப் பின் எச்சங்களையும் செத்த பூச்சிகளையும் மென்தூரிகையாலும், வாயில் வலைத்துணி கட்டிய தூசி உறிஞ்சியாலும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பழைய தூளைப் புதியதென்று எண்ணிக் குழம்புவோம்.

மருந்தும் புகையும் குறித்து

கட்டடத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டால், பூச்சிமருந்துகளை ஒழுங்குபடுத்தும் 1947 ஆம் ஆண்டின் 36 ஆம் எண் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரை மட்டுமே அழையுங்கள். அவர் வருமுன் சேகரிப்பில் என்னென்ன பொருள் உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள். பாஸ்பீன் புகை செம்பையும் செம்பு கலந்த உலோகங்களையும் அரிக்கும். பித்தளை விளக்கு, வெண்கல மூர்த்தி ஆகியவையும், செம்பும் வெள்ளியும் கலந்த சேலைச் சரிகையும் அந்த அறையில் இருக்கவே கூடாது. இன்னொரு புகைமருந்தான மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ்ப் பெரும்பாலான பயன்பாடுகளிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. கந்தகம் உள்ள தோல், கம்பளி, இறகு ஆகியவற்றோடு அது வினைபுரிந்து போக்க முடியாத நாற்றத்தையும் தரும். தெருவோரங்களில் பெயரொட்டாத பொட்டலங்களில் விற்கும் பூச்சிமருந்துகளைக் கோயில் வளாகத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். அவை குழந்தைகளின் உயிரையே பறிக்கக்கூடிய விவசாய விஷங்கள்.

நாப்தலீன் உருண்டைகளை விரும்பி வைப்பவர்கள் நம்மில் பலர். மிகச் செறிந்த ஆவி அடைபட்ட பெட்டிக்குள் நின்றால்தான் அது புழுவைக் கொல்லும். அந்தச் செறிவு மனிதருக்கும் நல்லதன்று; ஜி6பிடி (G6PD) என்னும் நொதியின் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்தும் உண்டு. வசம்பும் வேப்பிலையும் நம் மரபு; ஏட்டுச்சுவடிகளை நூற்றாண்டுகள் காத்ததில் அவற்றுக்குப் பங்கு இருந்தது. ஆனால் அன்று அவற்றோடு, சுவடியை அடிக்கடி எடுத்துப் பிரித்துத் துடைத்து எண்ணெய் தடவும் வழக்கமும் சேர்ந்திருந்தது. இலையைச் செருகிவிட்டுப் பத்தாண்டு திறக்காமல் விடுவது அந்த மரபன்று. மேலும் உலர்ந்த மஞ்சள் கிழங்கு போன்றவை சிகரெட் வண்டுக்கு நேரடி உணவாகும் என்பதால் சேகரிப்புப் பெட்டிக்குள் அவற்றை வைப்பதை நான் ஏற்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை: பாடம் செய்த பழைய விலங்குகளுக்கும் தோல்களுக்கும் முற்காலத்தில் ஆர்சனிக், பாதரச உப்பு முதலியவற்றைப் பூசினார்கள். பின்னாளில் டிடிடியும் தூவினார்கள். அவை இன்றும் அங்கேயே இருக்கும். அத்தகைய பொருளைக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: வராமல் தடுத்தல்

15 பாகை வெப்பத்துக்குக் கீழே பெரும்பாலான பூச்சிகள் மந்தமாகிவிடும். 20 முதல் 30 வரை விரைந்து பெருகும். டர்பன் கோடையில் அறையை 15க்குக் குளிர்விப்பது நம்மால் இயலாது. ஆகவே ஈரத்தைக் குறைப்பதே நம் வழி. கடைகளில் கிடைக்கும் மலிவான ஈரமானி ஒன்றை வாங்கி, 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருள்களை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், தரையில் எதையும் வைக்காதீர்கள், மேல் குழாயும் கழிவறைச் சுவரும் உள்ள அறையைத் தவிருங்கள். 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் நனைந்த சுவர்கள் போன்றவை வெளியே உலர்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கும், அந்த அறைகளில் புத்தகப்பேன்கள் கூடுகின்றனவா என்று பொறிகள் காட்டிவிடும். கதவின் அடியில் தூரிகைப் பட்டையும் சன்னலுக்கு நுண்வலையும் பொருத்துங்கள். பிரசாதம், பூமாலை, தேங்காய், எண்ணெய்த் திரி எதுவும் சேகரிப்பு அறைக்குள் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது.

ஆண்டின் ஒழுங்கு நம் பருவத்தைச் சார்ந்தது, வடக்கு நாட்டு நூல்கள் சொல்லும் மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே செப்டம்பர், அக்டோபரில் வண்டுகள் வெளிப்படத் தொடங்குகின்றன. ஆகவே பெரும் துப்புரவும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் ஆகஸ்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். அப்போது காற்றும் உலர்ந்திருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பொறிகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். தைப்பூசம் முடிந்ததும், சித்திரைக் காவடிக்குப் பின்னும், காவடியிலிருந்து பூ, எலுமிச்சை, பால் கறை படிந்த துணி அனைத்தையும் அகற்றி, இறகுகளைத் தூரிகையால் துடைத்து, வாய்ப்பிருந்தால் உறைய வைத்து எடுத்து, அதன் பிறகே பருத்தி உறையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

புதிதாக வரும் எந்தப் பொருளும், நன்கொடையானாலும் கடனாகப் போய்த் திரும்பியதானாலும், நேராகச் சேகரிப்புக்குள் நுழையக் கூடாது. தனி அறையில் பையிலிட்டு நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். கொடுப்பவர் மனம் வருந்துவாரே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர் கொடுத்ததைக் காக்கவே இந்த நான்கு வாரம் என்று சொன்னால் எவரும் வருந்தமாட்டார்.

இவை அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதிவைக்க வேண்டும்: தேதி, பொறி எண், சிக்கிய பூச்சி, எண்ணிக்கை, பார்த்தவர் பெயர், செய்த சிகிச்சை. ஒன்றும் சிக்காத மாதத்தையும் எழுதுங்கள். ஓராண்டு நோட்டைப் புரட்டினால் எந்த மூலையில், எந்த மாதத்தில் கூடுகிறது என்பது தெரிந்துவிடும். பொறுப்பாளர் மாறினாலும் அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம். அடையாளம் தெரியாத பூச்சியை டர்பன் நகர மண்டபத்தில் இயங்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்திடமோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்திடமோ காட்டிக் கேட்கலாம். குப்பியில் உள்ள பூச்சியோடு, அது கிடந்த இடம், தேதி, அருகிலிருந்த பொருள் ஆகியவற்றை எழுதிய சீட்டையும், உதிர்ந்த தூளில் ஒரு சிட்டிகையையும் சேர்த்தே கொண்டுசெல்லுங்கள்.